வேருக்கு அடியில் போகும் குழாய்

ஜூன் 9, திங்கள்

கோயமுத்தூருக்குத் திரும்பி வந்துவிட்டேன். கொட்டகை அப்படியே இருக்கிறது. பூட்டு மட்டும் துருப்பிடித்துத் திறக்கவில்லை. பக்கத்துக் கொட்டகை நல்லம்மா தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்து கொடுத்தாள். உள்ளே கொடியில் அவருடைய சட்டை தொங்கியது. மூலையில் கடப்பாரை. சட்டையை மடித்து வைத்தேன். கடப்பாரையை வெளியில் சாத்தினேன்.

இந்த டைரி கேபிள் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்தது. காலியாகவே கிடந்தது. "தினமும் ரெண்டு வரி எழுதும்மா, எழுத்து மறக்காது" என்று அபி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அபி என் மகள். அரூரில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். நான் ஐந்தாவது வரைதான்.

அபி அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. மே மாதம் பெய்த மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். மரம் விழுந்தது.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 10, செவ்வாய்

மேஸ்திரி வேடியப்பனைப் பார்த்து வேலை கேட்டேன். எங்கள் வேலையில் தனி ஆளை எடுப்பதில்லை. ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஆம்பளை கடப்பாரை போடுவான், பொம்பளை மண்ணை அள்ளி மேலே கொட்டுவாள். சாலையோரம் மூன்றடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அதில் குழாயைப் படுக்க வைத்து மூட வேண்டும். பிறகு வேறு ஆட்கள் வந்து குழாய்க்குள் இன்டர்நெட் கேபிளை விடுவார்கள். புருசன் பெண்டாட்டியாக வந்தால்தான் சண்டை இல்லாமல் பள்ளம் நேராகப் போகும் என்பது மேஸ்திரி கணக்கு.

"நீ ஒருத்தியா வந்து என்னம்மா பண்ணுவ? ஊருக்குப் போ. கொழுந்தன் வீடு இருக்குதில்ல" என்றார்.

"கொழுந்தன் வீட்ல எனக்குச் சோறு இருக்கும் மேஸ்திரி. அபிக்கு ஸ்கூல் இருக்காது. இப்பவே மாப்பிள்ளை பேசறாங்க."

அவர் செல்போனை நோண்டினார். அப்போதுதான் நல்லம்மா உள்ளே வந்தாள். அவள் புருசனுக்கு இடுப்பு பிடித்து ரெண்டு மாதமாகப் படுக்கை.

"என் ஆளு படுத்துட்டான். இவ ஆளு போயிட்டாரு. நானும் அரை, அவளும் அரை. ரெண்டு அரையும் சேத்தா ஒண்ணு ஆவாதா மேஸ்திரி?"

"கடப்பாரை யாரு போடறது?"

"இவதான். கையப் பாரு, உன் கையவிடப் பெரிசு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார். "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு தெரு முடிச்சிக் காட்டுங்க. முடிச்சா ஜோடின்னு எழுதிக்கறன். இல்லைன்னா நானே பஸ் ஏத்தி உடுவன்."

ஜூன் 12, வியாழன்

மற்ற ஜோடிகள் வேண்டாம் என்று தள்ளிய தெருவை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது குறுக்குத் தெரு. ஒரு பக்கம் முழுக்க ஒன்பது தூங்குமூஞ்சி மரங்கள், வரிசையாக. நாங்கள் தோண்ட வேண்டிய கோடு மரத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் போகிறது. எங்கே கடப்பாரை போட்டாலும் வேர்தான்.

தெருக்கோடியில் ஒன்பதாவது மரத்தடியில் ஒரு தேய்ப்பு வண்டி நிற்கிறது. ரங்கண்ணன் என்று பெயர். அவர் துணி தேய்ப்பார். அவர் மனைவி மயிலாத்தாள் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார். அந்த மரத்துக்கு எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் இருக்கிறது. மரத்தைவிட உயரம்.

ஜூன் 13, வெள்ளி

ரெண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். அரிசி கழுவினேன். அடுப்புக்கு வேர் உடைத்தேன்.

பள்ளத்தில் வரும் வேர் பொம்பளைக்கு என்பது எங்கள் ஆட்களிடம் பழக்கம். யார் பள்ளத்தில் வந்ததோ அந்த வீட்டு அடுப்புக்குப் போகும். அதனால் எங்கள் யார் கொட்டகையிலும் விறகு வாங்குவதில்லை. வேப்ப வேர் நன்றாக எரியும். தூங்குமூஞ்சி வேர் ஈரம் காய நாளாகும், காய்ந்தாலும் புகையும். புங்கன் வேர் நாற்றம் அடிக்கும். என் கொட்டகைக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறது. எல்லாம் பங்குனியில் தண்ணித்தொட்டி வீதியில் வந்தது. அவர்தான் அடுக்கினார். பெரியது கீழே, சின்னது மேலே.

சோறு ஆக்கினேன். சாப்பிட்டேன்.

ஜூன் 18, புதன்

முதல் மரம். தொடை கனத்துக்கு ஒரு வேர் குறுக்கே வந்தது. நல்லம்மா கோடாலியை எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குடைந்து வேருக்கு அடியில் வழி எடுத்தேன். நாலு வெட்டில் முடியும் வேலை. சாயந்தரம் வரைக்கும் ஆனது.

"என்னாடி பண்ற?" என்றாள்.

"அடியில விட்டா குழாய் போவும்."

"போவும். நம்ம பொழப்பும் அடியிலதான் போவும். மரமாடி கூலி குடுக்குது?"

அவள் திட்டிக்கொண்டே மண்ணை அள்ளினாள். திட்டும்போது அவளுக்குக் கை வேகமாக ஓடும்.

சூப்பர்வைசர் தம்பி வந்தான். கம்பெனிக்காரப் பையன், எப்போதும் ஹெல்மெட்டோடு இருப்பான். பள்ளத்துக்குள் அளவுக் கம்பியை நிறுத்தி போனில் போட்டோ எடுத்தான். போட்டோ எடுத்த இடம், ஆழம் எல்லாம் அதுவே கண்டுபிடிக்குமாம். ஆழம் போதாமல் இருந்தால் சிவப்பு வரும், சரியாக இருந்தால் பச்சை.

"ஆழம் கூடினாத் தப்பாங்க தம்பி?"

"கூடினாப் பரவால்லங்க்கா. குறைஞ்சாத்தான் அது ஒத்துக்காது."

பச்சை வந்தது. எங்கள் ஆரஞ்சுக் குழாயை வேருக்கு அடியில் நுழைத்தோம்.

ஜூன் 19, வியாழன்

நல்லம்மா பேசவில்லை. மத்தியானம் ஊறுகாய் மட்டும் நீட்டினாள்.

ஜூன் 22, ஞாயிறு

மயிலாத்தாள் துணி மூட்டை கட்ட ஒரு பழைய புடவை கேட்டிருந்தார். கொடுக்கப் போனேன். அங்கே இருக்கும்போது அபி போன் பண்ணினாள். வார்டன் போனில் வீடியோ. எங்கள் கொட்டகையில் பேசினால் அவள் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும், பேச்சு அறுந்து அறுந்து வரும். டவருக்குக் கீழே நின்று பேசியதால் புருவத்தில் இருக்கும் தழும்பு வரைக்கும் தெரிந்தது. இளைத்திருக்கிறாள். பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்று மூன்றாம்.

"எங்கம்மா நிக்கற? பின்னாடி பச்சைப்பசேல்னு இருக்குது."

"ஒரு மரத்தடியிலடி."

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "அங்க நிக்காதம்மா" என்றாள்.

தள்ளி வந்து நின்று பேசினேன்.

ஜூன் 25, புதன்

நாலாவது மரம் தாண்டிவிட்டோம். நல்லம்மா இப்போது திட்டுவதில்லை. அவளே குனிந்து வேர் எவ்வளவு கனம் என்று பார்த்து, "இதுக்கு அடியில அரை நாளு" என்று சொல்கிறாள்.

மத்தியானம் மயிலாத்தாள் மோர் கொண்டுவந்தார். பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்காரரு எப்படிப் போனாரு?"

"மழைக்கு ஒதுங்கினாருங்க. மரம் சாஞ்சிடுச்சு."

"ஆண்டவனே. எந்த வீதிலங் கண்ணு?"

"தண்ணித்தொட்டி வீதிங்க."

"தண்ணித்தொட்டி வீதியா. எந்தங்கச்சி ஊடு அங்கதான் இருக்குது. பங்குனில அங்கயும் இந்த மாதிரிதான் ரோட்டோரமாத் தோண்டி ஒயரு போட்டாங்க."

"ஆமாங்க."

மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் எழுந்துகொண்டார். நான் கடப்பாரையை எடுத்தேன்.

ஜூன் 28, சனி

பன்னிரண்டாம் நம்பர் வீட்டு மேடம் சொர்ணலதா தினமும் வாசலுக்கு வந்து கேட்பார். "எப்பங்க கனெக்ஷன் வரும்? பையன் வீட்டில இருந்துதான் வேலை பாக்கறான், மீட்டிங்ல பாதியில நின்னு போயிருது." இன்றைக்கு அவர் போனில் எங்களைப் படம் எடுத்தார். நான் வேருக்கு அடியில் கையை விட்டு மண் வாரிக்கொண்டிருந்தேன். தெருக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறார். 'மரத்தைக் காப்பாற்றும் தொழிலாளி' என்று எழுதியிருப்பதாகக் காட்டினார். நாற்பது பேர் கை கூப்பியிருந்தார்கள்.

"நீங்களும் பாருங்க, எத்தனை லைக்" என்றார்.

"குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா மேடம்?" என்றாள் நல்லம்மா.

ஃப்ரிட்ஜ் தண்ணீர் கொடுத்தார். எனக்குப் பல் கூசியது.

ஜூலை 1, செவ்வாய்

மேஸ்திரி வந்து நடந்து பார்த்தார். ஆறு மரம் முடிந்திருக்கிறது. மற்ற ஜோடிகள் இதற்குள் ரெண்டு தெரு முடித்துவிட்டார்களாம்.

"நீங்க பள்ளம் எடுக்கறீங்களா, எலி வளை எடுக்கறீங்களா?"

"பச்சை வருதில்ல மேஸ்திரி" என்றாள் நல்லம்மா.

"பச்சை வரும். ஆடியும் வரும்." கோடாலியை எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார். "எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. எனக்கு மட்டும் ஆசையா?"

எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்துக்கொண்டிருந்தோம். நாளையிலிருந்து ஆறு மணிக்கு.

ஜூலை 4, வெள்ளி

எட்டாவது மரம் முடிந்தது. இனி ஒன்றுதான்.

தெருக்கோடியில் குழாய் திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர் குழி எடுக்க வேண்டும். அதாவது ஆள் இறங்கி கேபிளை ஒட்டும் அளவுக்கு அகலமான குழி. அது ஒன்பதாவது மரத்துக்கு மறுபக்கம், சுவர் ஓரம் வருகிறது. ரங்கண்ணனிடம் சொல்லி வண்டியைக் கொஞ்சம் தள்ளச் சொன்னோம். அவர் தள்ளினார். "பத்தரமா இருங்க அம்மிணி, பாம்பு கீம்பு இருக்கும்" என்றார்.

மண் லேசாக வந்தது. கடப்பாரையே தேவைப்படவில்லை. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த உயரத்து மரத்துக்குப் பக்கத்தில் மண் இப்படிப் பொலபொலவென்று வராது. இடுப்பளவு இறங்கினதும் கறுப்புக் குழாய் ஒன்று வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பச்சை. அதற்கும் தள்ளி நீலம் ரெண்டு. எல்லாம் எதிர்வீட்டு டவருக்குப் போகிறவை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக வந்து தோண்டியிருக்கிறது. ஒருத்தன் போட்ட பள்ளத்தில் இன்னொருத்தன் போடுவதில்லை.

மரத்துப் பக்கம் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். வேர் முனைகள் வரிசையாக நின்றன. எல்லாம் வெட்டுப்பட்டவை. சிலது பழைய வெட்டு, கறுத்திருந்தது, விரலால் அமுக்கினால் பொடிந்தது. மேலே இலை தளதளவென்று இருக்கிறது. சுவர்ப் பக்கம் முழுக்கப் பிடி இல்லை. ரோட்டுப் பக்கம், எங்கள் கோட்டுக்குக் குறுக்கே, ஒரே ஒரு பெரிய வேர். என் இடுப்புக் கனம். அந்த ஒன்றில்தான் மரம் நிற்கிறது.

நல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு மேலே ஏறி நின்றுகொண்டாள்.

ஜூலை 5, சனி

மேற்கே பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று பிடித்துவிட்டது. கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆடிக் காற்று இந்த வருசம் முன்கூட்டியே வருகிறது என்கிறார்கள்.

"சொல்லிடலாமா?" என்று நல்லம்மாவைக் கேட்டேன்.

"யாருகிட்ட?"

"அந்த மேடம்கிட்ட. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல யாருகிட்டயாவது."

"சொன்னா வந்து வெட்டிடுவாங்க. வெட்டினா அந்த ரங்கண்ணன் எங்க நிப்பாரு? நெழலு இல்லாம அந்தப் பெட்டிச் சூட்டுல மனுசன் நிக்க முடியுமா?"

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா இந்த வேருக்கும் அடியில விடு. நாம ஒண்ணும் வெட்டல. நம்ம தெரு முடிஞ்சிடும், உன் புள்ள படிக்கும். அப்புறம் அது நின்னா நிக்குது."

அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் வெட்டவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காற்று. அடுப்பு பற்றவில்லை. அவர் அடுக்கிய வேரில் பாதி சரிந்துவிட்டது. திரும்ப அடுக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

வேருக்கு அடியில் வழி எடுக்க ஆரம்பித்தேன். நிமிர்ந்தால் ரங்கண்ணன் தெரிகிறார். தண்ணீர் தெளிக்கிறார், தேய்க்கிறார், மடிக்கிறார். ரேடியோவில் செய்தி வந்தால் நிறுத்திக் கேட்கிறார். மத்தியானம் ரெண்டு பேரும் மரத்தில் சாய்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு மயிலாத்தாள் அங்கேயே துண்டை விரித்துப் படுக்கிறார்.

கை ஓடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மேலே ஏறி அவரிடம் போனேன்.

"அண்ணா, வண்டியை வேற எங்கயாவது போடுங்க. இந்த மரத்துக்கு வேர் இல்ல."

"இது யாரு சொன்னா? நான் வண்டி போட்டு முப்பது வருசம் ஆச்சு அம்மிணி. எத்தனை ஆடி பாத்திருக்குது."

"அப்ப வேர் இருந்துச்சுங்க. வந்து பாருங்க."

அவர் வரவில்லை. பெட்டியை வேட்டியின் மேல் ஓட்டிக்கொண்டே, "வேலை நடக்கோணும்னா மரத்தை எடுக்கச் சொல்லி இப்படித்தான் கதை கட்டுவாங்க. போன தடவை வந்தவனும் வண்டிய எடுன்னுதான் சொன்னான்" என்றார்.

"அபி அப்பா நின்ன மரமும் பச்சையாத்தான் இருந்துச்சுங்க. விழுந்தப்புறம் அந்தக் குழிய நான் எறங்கிப் பாத்தன். ஒரு பக்கம் பூரா வெட்டு. உள்ள மூணு குழாய் கெடந்துச்சு. ஒண்ணு ஆரஞ்சு."

பெட்டி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பள்ளத்தில் கிடந்த எங்கள் குழாயைப் பார்த்தார். வேட்டி கருகும் வாடை வந்ததும்தான் பெட்டியைத் தூக்கினார்.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. நேராகப் பன்னிரண்டாம் நம்பருக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். அவர் சேம்பர் குழியை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். படம் எடுத்துப் போனிலேயே புகார் அனுப்பினார். அதற்கும் ஒரு ஆப் இருக்கிறதாம்.

நல்லம்மா கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "உனக்கு ஜோடி சேந்தன் பாரு" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

கார்ப்பரேஷன் ஆபீசர் வந்தார். வயசானவர், பொறுமையாக இருந்தார். என் கடப்பாரையை வாங்கி வேர்களைக் குத்திப் பார்த்தார். மற்ற எட்டு மரங்களையும் சுற்றிப் பார்த்து, அவற்றுக்குப் பிடி இருக்கிறது என்றார். ஒன்பதாவது மரத்தில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டார்.

"இது எப்படிங்க இவ்வளவு நாள் நின்னுது?" என்று மேடம் கேட்டார்.

"காத்து திரும்பி அடிக்கலைங்க. அவ்வளவுதான்."

மரத்தை வெட்டி எடுக்கும் வரை எங்கள் வேலையை நிறுத்தச் சொன்னார். ஆடி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. மேஸ்திரி போனில் என்னைத் திட்டினார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். நல்லம்மா மடியில் அவள் டிபன் டப்பா இருந்தது. அதைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12, சனி

மரத்தை வெட்டினார்கள். ஏணி வண்டி, ரெண்டு மிஷின் ரம்பம். கிளைகளை முதலில் இறக்கினார்கள். காக்காய்கள் டவர் கம்பியில் போய் உட்கார்ந்து கத்தின. அடிமரத்தை வண்டியில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரே இழுப்பு. அடி அப்படியே பெயர்ந்து படுத்துவிட்டது. கயிற்றைப் பிடித்து நின்ற ஆள் தடுமாறி விழுந்தான். அவ்வளவு சுலபமாக வரும் என்று அவனும் நினைக்கவில்லை.

தெருக்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஒருத்தர், "இந்தக் குழி தோண்டற கூட்டம் வந்தாலே இப்படித்தான்" என்றார். போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே சொன்னார். மேடம் அழுதார். அன்றைக்குப் போட்ட என் படத்தைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாராம்.

ரங்கண்ணன் எதிர்ப்பக்கம் வெயிலில் வண்டியை நிறுத்தி, குடையைக் கட்டியிருந்தார். மயிலாத்தாள் என்னிடம் வந்தார்.

"நீ வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தீன்னா நாங்க பாட்டுக்கு இருந்திருப்போங் கண்ணு."

"இருந்திருப்பீங்களாக்கா?" என்றேன்.

அவர் திரும்பிப் படுத்திருந்த மரத்தின் அடியைப் பார்த்தார். ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது, சீவி எடுத்த இளநீர் மாதிரி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேரை யாரும் எடுக்கவில்லை. நல்லம்மா ஒரு துண்டைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

மேஸ்திரி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மரம் இருந்த இடத்தைப் பார்த்து, "லைன் கிளியரா இருக்குதே" என்றார். முகம் நன்றாகவே இருந்தது. "ஒரு நாள் வேலைதான் இனிமே."

உண்மைதான். ஒரு நாள்கூட ஆகவில்லை. குறுக்கே எதுவும் வரவில்லை. மண் தானாக வந்தது. இந்தத் தெருவிலேயே அந்த இடத்தில்தான் பள்ளம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருக்கிறது.

சூப்பர்வைசர் தம்பி அளவுக் கம்பியை நிறுத்திப் போட்டோ எடுத்தான். பச்சை.

ஜூலை 15, செவ்வாய்

மேஸ்திரி எங்களை ஜோடி என்று எழுதிக்கொண்டார். என் பெயரை முதலில் எழுதி, பக்கத்தில் நல்லம்மா பெயர். எப்போதும் கடப்பாரைக்காரன் பெயர்தான் முதலில் எழுதுவார்கள்.

"புருசன்னு எழுதிக்கச் சொல்லு, மீசைதான் இல்ல" என்றாள் நல்லம்மா.

அபிக்குச் சொன்னேன். "அப்ப நான் ஊருக்குப் போக வேண்டாமா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்றேன். மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

மிச்சம் கிடந்த குழாய்களை எடுக்க நாலாவது குறுக்குக்குப் போனோம். எங்கள் பள்ளத்துக்கு ஒரு அடி தள்ளி, மரங்களை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு கம்பெனி. அவர்களும் இன்டர்நெட்தான். அவர்கள் ஆளிடம் கேட்டேன்.

"எங்க பள்ளத்துலயே விட்டிருக்கலாமேங்க?"

"அது உங்க கம்பெனி பள்ளம்ங்க்கா. எங்களுக்கு வேற பர்மிஷன்."

"எட்டு மரத்துக்கும் வேர் இருக்குது. நாங்க அடியில விட்டிருக்கறம். நீங்களும் அடியில விட்டீங்கன்னா..."

அவன் கெட்டவன் இல்லை. கோடு போடுவதை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நாங்க ஆள் வெச்சுத் தோண்டறதில்லைங்க்கா. நாளைக்குக் காலைல மிஷின் வருது. அதுக்கு வேர் எது மண்ணு எதுன்னு தெரியாது."

மேடம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பையன்தான் இருந்தான். அம்மாவிடம் சொல்கிறேன் என்றான். காதில் இருந்ததைக் கழற்றவில்லை. திரும்பி வரும்போது ஆபீசருடைய நம்பரை யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. மறுபடி போய்க் கேட்டு வாங்கினேன். நாலு தடவை அடித்தேன். எடுத்தார். வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று தூசியை அள்ளி வீசுகிறது. நல்லம்மா மேஸ்திரியிடம் சொல்லி எங்களுக்குப் புதுத் தெரு வாங்கியிருக்கிறாள். மரம் குறைவாக இருக்கும் தெரு வேண்டும் என்று கேட்டாளாம். இங்கே ஒரே ஒரு வேப்பமரம் இருக்கிறது.

பத்து மணி வாக்கில் ரங்கண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மயிலாத்தாள் பின்னால் மூட்டையோடு. நாலாவது குறுக்கிலிருந்து இங்கே வரை ரோட்டில் தள்ளியே வந்திருக்கிறார்கள். வெயிலில் ரெண்டு பேர் முகமும் கறுத்திருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது இல்லை.

"மிஷின் வந்துதுங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"வந்துது. அந்த ஆபீசரும் வந்தாரு. ரெண்டு பேரும் பேசிட்டு நிக்கறாங்க. என்ன ஆகுமோ." வண்டியைப் பிடித்தபடியே வேப்பமரத்தைக் காட்டினார். "இது எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லு அம்மிணி."

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் குத்திப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் முட்டியது. ரெண்டு ஓரமும் முட்டியது. ரோட்டுப் பக்கம் கையால் மண்ணைத் தள்ளினேன். வேர் முழுசாக இருந்தது, மேலே தோல்கூட உரியவில்லை.

"நல்லா இருக்குதுங்க. இன்னும் யாரும் தோண்டலை."

"எப்பத் தோண்டுவாங்க?"

"நாளைக்குங்க" என்றேன். "நாங்கதான்."

மயிலாத்தாள் மூட்டையை இறக்காமல் நின்றார். ரங்கண்ணன் என் கையைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், பள்ளத்தில் நின்ற நல்லம்மாவைப் பார்த்தார். பிறகு வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தி, சுவரோரமாகப் போய் ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.